புது ஐடியா வந்தால் சம்பளம் தள்ளிப்போகுமா? சின்ன கம்பெனிகளின் பெரிய தலைவலி!

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருப்பார். இருபது பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அல்லது ஒரு டிசைன் ஸ்டூடியோ, ஆன்லைனில் பாடம் நடத்தும் நிறுவனம், கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். "எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு ஆப் பண்றோம்மா. அது மட்டும் க்ளிக் ஆச்சுன்னா எங்க லெவலே வேற" என்று சாப்பிடும்போது கண்கள் விரியச் சொல்வார்.

ஆறு மாதம் கழித்து அதே ஆள், தட்டைப் பார்த்தபடி சொல்வார். "இந்த மாசம் சம்பளம் பத்தாம் தேதிக்கு மேலதானாம்." வீட்டுக் கடன் இ.எம்.ஐ போவது ஐந்தாம் தேதி.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அந்த ஆபீஸில் என்னதான் நடக்கிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெரிய நிறுவனங்களில் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க என்றே தனி டிபார்ட்மென்ட் இருக்கும். அங்கே ஒரு முயற்சி தோற்றால் ஆண்டறிக்கையில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். சின்ன கம்பெனியில் கிளையன்ட் வேலையை முடித்துக் கொடுப்பவரும், புதிதாக யோசிப்பவரும் ஒரே ஆள். அவர் புது வேலையில் உட்கார்ந்தால், பழைய வேலைக்கு பில் போட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. விற்றுக் காசாக்க மெஷினோ, குடோனோ கிடையாது. மொத்த சொத்தும் அங்கே வேலை பார்ப்பவர்களின் தலைக்குள் இருக்கிறது.

அதனால், 'புதுமையா யோசிங்க' என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது. அதற்கும் ஒரு பட்ஜெட், ஒரு தேதி, ஒரு பொறுப்பாளர் வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர்களும், தடுமாறி எழுந்தவர்களும் நமக்கு விட்டுச்சென்ற பாடங்கள் சில இருக்கின்றன.

கேம் மூடியது... பக்கத்தில் கிடந்தது பிழைத்தது!

கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் 2009-ல் 'டைனி ஸ்பெக்' என்ற சின்ன நிறுவனத்தைச் சில நண்பர்களோடு தொடங்கினார். அவர்கள் செய்தது 'கிளிட்ச்' என்ற ஆன்லைன் கேம். 2011 செப்டம்பரில் வெளியானது. விளையாடியவர்கள் உயிராக இருந்தார்கள். ஆனால், கம்பெனியை நடத்தும் அளவுக்குக் கூட்டம் வரவில்லை. 2012 டிசம்பரில் கேமை மூடினார்கள். ஊழியர்கள் பலருக்கு வேலை போனது. பட்டர்ஃபீல்ட் அவர்களுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பதற்காகவே நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டார்.

இங்கேதான் ஒரு திருப்பம். அந்தக் குழுவினர் ஒரே ஊரில் இல்லை. வான்கூவர், சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று சிதறிக் கிடந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஒரு பழைய சாட் முறையைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு தொல்லை. நீங்கள் ஆன்லைனில் இல்லாதபோது வந்த செய்தி உங்களுக்குக் கிடைக்காது. அதைச் சேமித்து வைக்க ஒரு வசதி, பிறகு பழைய பேச்சைத் தேட ஒரு வசதி என்று அவ்வப்போது தேவைக்கு ஒட்டுப்போட்டுக் கொண்டே வந்தார்கள். 'இது நம்ம புது புராடக்ட்' என்று யாரும் மீட்டிங் போடவில்லை.

கேம் போன பிறகு கையில் மிச்சமிருந்த பணத்தையும் ஆட்களையும் வைத்து அந்த சாட் கருவியைச் செதுக்கினார்கள். 2013 ஆகஸ்டில் முன்னோட்டம், 2014 பிப்ரவரியில் வெளியீடு. அதுதான் 'ஸ்லாக்'. 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை 27.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய்!

இந்தக் கதையை 'தோல்வியே வெற்றியின் முதல் படி' என்று முடித்துவிடலாம்தான். ஆனால், கவனிக்க வேண்டியது வேறு. பணம் முழுசாகத் தீரும் முன்பே அவர்கள் கேமை நிறுத்தினார்கள். கடைசி ரூபாய் வரை அதிலேயே போட்டிருந்தால், ஸ்லாக்கைச் செய்ய ஆளும் இருந்திருக்காது, சம்பளமும் இருந்திருக்காது. வேலை இழந்தவர்களுக்கு அந்த முடிவு கசப்பாகத்தான் இருந்திருக்கும். இன்னும் ஆறு மாதம் இழுத்திருந்தால் எல்லோருக்கும் கசந்திருக்கும்.

உங்கள் ஆபீஸிலும், ஒட்டுப்போட்டுச் செய்த இப்படி ஏதோ ஒரு கருவி இருக்கலாம். அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் தனக்காகச் செய்து வைத்த ஒரு எக்ஸெல் ஷீட். டெஸ்டிங் பையன் தன் வேலையைக் குறைக்க எழுதிய நாலு வரி புரோகிராம். மாதத்தில் ஒரு நாள் அவற்றை மேஜையில் எடுத்து வைத்துப் பாருங்கள்.

உடைந்த டிவி சொன்ன சேதி!

ஐடியா எங்கிருந்து வரும்? பெரும்பாலும் புகாரிலிருந்து வரும்.

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது கப்பலில் வந்த டிவி உடைந்து போனது. இழப்பீடு கேட்டு மெயில், போன் என்று அலைந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஆன்லைன் மன்றத்தில் நடந்ததை எழுதினார். உடனே வேலை நடந்தது, பணமும் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் குரலுக்கு எங்கே வலிமை இருக்கிறது என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கும் கதை இது. பிறகு, வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் விலையைத் தடாலடியாக ஏற்றியதில் அதன் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போயிருந்ததையும் படித்தார். 2010-ல் சென்னையில் தொடங்கிய 'ஃபிரெஷ்டெஸ்க்'குக்கு இவை இரண்டும்தான் விதை. 2021 செப்டம்பரில் 'ஃபிரெஷ்வொர்க்ஸ்' என்ற பெயரில் அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

சின்ன கம்பெனிக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் வாடிக்கையாளரின் புகார், ஐந்தாறு பேரைத் தாண்டி மேலே போவதற்குள் 'ஃபீட்பேக்' என்ற ஒரு வார்த்தையாகச் சுருங்கிவிடும். இருபது பேர் இருக்கும் ஆபீஸில் முதலாளியே போனை எடுக்கலாம். புரோகிராம் எழுதுபவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சப்போர்ட் போனில் உட்காரலாம். தான் எழுதிய பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் தவிப்பதைக் காதால் கேட்டால், அடுத்த நாளே அது இடம் மாறும்.

ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் குறித்தால் போதும். யார் கேட்டார்கள்? என்ன கேட்டார்கள்? இதற்குப் பணம் தருவாரா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'நல்லா இருக்கும்' என்று சொல்பவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். 'அட்வான்ஸ் தர்றேன், செஞ்சு கொடுங்க' என்று சொல்பவர் மூன்று பேர் கிடைத்தால், அந்த ஐடியாவுக்கு உயிர் இருக்கிறது.

பிரெட் மாஸ்டரின் கைமணம்!

அம்மாவிடம் சாம்பார் ரெசிப்பி கேட்டுப் பாருங்கள். 'கொஞ்சம் புளி, ஒரு கை பருப்பு, பதம் பார்த்து இறக்கு' என்பார். அந்தப் பதம் எது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும்.

1980-களில் ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் வீட்டில் பிரெட் செய்யும் மெஷினை உருவாக்கத் திணறியது. இன்றைய பானசோனிக்தான் அது. மேலே கருகும், உள்ளே வேகாது. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். விடை கிடைக்கவில்லை. கடைசியில் இகுகோ தனாகா என்ற சாஃப்ட்வேர் பொறியாளர், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் பிரெட் மாஸ்டரிடம் போய்த் தொழில் பழகினார். மாஸ்டர் மாவைப் பிசையும்போது ஒரு தனி விதமாக இழுத்து முறுக்குவதை ஒருநாள் கவனித்தார். மெஷினின் உள்சுவரில் அதற்கேற்ற விலா போன்ற அமைப்பை வைத்துப் பல மாதங்கள் முயன்று பார்த்தார்கள். பிரெட் சரியாக வந்தது, மெஷின் விற்றுத் தீர்ந்தது. இகுஜிரோ நொனாகா என்ற ஜப்பானிய நிர்வாகவியல் அறிஞர் எழுதியதால் உலகமெங்கும் வகுப்பறைகளில் சொல்லப்படும் கதையாகிவிட்டது இது.

மாட்சுஷிடா பெரிய நிறுவனம்தான். ஆனால், பாடம் சின்ன ஆபீஸுக்கு இன்னும் நெருக்கமானது. உங்கள் ஆபீஸிலும் ஒரு பிரெட் மாஸ்டர் இருப்பார். 'அந்த கிளையன்ட்டோட சர்வர் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துக்கும்னு அவருக்குத்தான் தெரியும்' என்பார்கள். அவர் நோட்டீஸ் கொடுத்த அன்றுதான், அந்த அறிவு எங்கேயும் எழுதப்படவில்லை என்பது தெரியவரும். நோட்டீஸ் பீரியடில் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் பதம் எழுத்தில் வராது.

என்ன செய்யலாம்? தனாகா செய்ததுதான் வழி. பக்கத்தில் உட்கார வைப்பது. ஒவ்வொரு முக்கிய வேலையிலும் இரண்டு பேரை வையுங்கள். இரண்டாவது ஆள் வாரத்தில் அரை நாள் முதல் ஆளோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்யட்டும். செய்துவிட்டு, தெரிந்துகொண்டதை அவரே எழுதட்டும். தெரிந்தவர் எழுதினால் பாதியை 'இது எல்லாருக்கும் தெரியுமே' என்று விட்டுவிடுவார். புதிதாகக் கற்றவருக்குத்தான் எங்கே இடறும் என்று தெரியும்.

ஆறு வாரம்... அதோடு சரி!

இப்போது பணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் சிகாகோவில் 1999-ல் வெப் டிசைன் நிறுவனமாகத் தொடங்கியது '37 சிக்னல்ஸ்'. கிளையன்ட் வேலைகளை ஒழுங்காக நடத்தத் தங்களுக்காகவே ஒரு கருவி செய்துகொண்டார்கள். 2004-ல் அதை 'பேஸ்கேம்ப்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். கிளையன்ட் வேலை பார்த்த கம்பெனி, சொந்த புராடக்ட் கம்பெனியாக மாறியது.

அவர்கள் வேலை செய்யும் முறை இன்று உலகம் முழுக்கப் பல சின்ன நிறுவனங்களுக்கு வழிகாட்டி. ஒரு புது முயற்சிக்கு அதிகபட்சம் ஆறு வாரம். 'இதைச் செய்ய எவ்வளவு நாள் ஆகும்?' என்று அவர்கள் ஆரம்பிப்பதில்லை. 'இதுக்கு எவ்வளவு நாள் கொடுக்கலாம்?' என்று கேட்கிறார்கள். ஆறு வாரத்தில் முடியவில்லை என்றால், சும்மா நீட்டிப்பு கிடையாது. வேலை அங்கேயே நிற்கும். வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் டிரிப்பர் விழுமே, அதுபோல. அடுத்து இரண்டு வாரம் சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகள். பிறகு, புதிதாக யோசித்து முடிவு.

இதில் எவ்வளவு மிச்சம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர், சராசரி சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் மட்டும் 8 லட்சம். மூன்று பேரை ஆறு வாரம் ஒரு புது முயற்சியில் போட்டால், செலவு சுமார் 1.8 லட்சம். அதே மூன்று பேர், 'இன்னும் கொஞ்சம்தான் சார், முடிஞ்சுடும்' என்று ஆறு மாதம் இழுத்தால் 7.2 லட்சம். கிட்டத்தட்ட மொத்த ஆபீஸின் ஒரு மாதச் சம்பளம்! அந்த மூன்று பேரும் கிளையன்ட் வேலை செய்து கொண்டு வந்திருக்கக்கூடிய வருமானம் இதில் சேரவில்லை. சாப்பாட்டு மேஜையில் கேட்ட அந்தப் 'பத்தாம் தேதி' எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதா?

ஆறு வாரம்தான் சரி என்று சட்டம் ஒன்றும் இல்லை. மருந்து ஆராய்ச்சிக்கு அது போதாது, ஒரு விளம்பர வடிவமைப்புக்கு அது அதிகம். தேதியை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஆரம்பித்த பிறகு பாசம் வந்துவிடும். சொந்தக் குழந்தைக்கு மார்க் போடச் சொன்னால் யார்தான் ஃபெயில் போடுவார்கள்?

பழையது சோறு போடட்டும்!

சரி, வருமானம் வரும் பழைய வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாகப் புதியதில் இறங்கலாமா?

இன்று உலகமே அறிந்த 'ஸோஹோ', 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கியது. நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் விற்றார்கள். 2000-01 வாக்கில் டாட்காம், டெலிகாம் துறைகள் சரிந்தபோது வாங்கிக்கொண்டிருந்தவர்களே காணாமல் போனார்கள். தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நெட்வொர்க் அறிவை வைத்தே, ஐ.டி டிபார்ட்மென்ட்களுக்குப் பயன்படும் 'மேனேஜ்என்ஜின்' கருவிகளைச் செய்தார்கள். அந்த வருமானம் கைகொடுக்க, 2005-ல் ஆன்லைனில் எழுதும் 'ஸோஹோ ரைட்டர்' வந்தது. நிறுவனத்தின் பெயரே 2009-ல் ஸோஹோ என்று மாறியது. வென்ச்சர் கேப்பிடல் முதலீடு வாங்காமலேயே ஒன்றின் காசில் இன்னொன்று வளர்ந்தது.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒரே தாவலில் புது ஊருக்குப் போகவில்லை. முதலில் தெரிந்த அறிவு, புது வாடிக்கையாளர். அடுத்துதான் புது வகைப் பொருள். புது அறிவு, புது வாடிக்கையாளர், புது விலை மூன்றையும் ஒரே நேரத்தில் முயன்றால், எது தோற்றது என்றே கண்டுபிடிக்க முடியாது.

எழுதி வாங்கினீர்களா?

ஐடியா ஜெயித்த பிறகு வரும் சண்டைதான் பெரிய சண்டை. 'இது யாருடையது?'

நம் நாட்டின் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் புரோகிராமுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனம்தான் முதல் உரிமையாளர். ஆனால், வெளியிலிருந்து செய்து கொடுக்கும் ஃப்ரீலான்ஸர் ஊழியர் கணக்கில் வர மாட்டார். பணம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே உரிமை கைமாறிவிடாது. எழுத்துபூர்வமாக, கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும். அதிலும் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஃப்ரீலான்ஸராக இருக்கும் தம்பி, தங்கைகளும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போடலாம்.

பேட்டன்ட் என்பது வேறு. வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது. புதிய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு இருந்தால், ஊரைக் கூட்டி டெமோ காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டார்ட்-அப்களுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும், பெரிய நிறுவனங்கள் கட்டும் விண்ணப்பக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. சேவைத் துறை நிறுவனங்களும் 'உத்யம்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய் வரை குறு, 100 கோடி வரை சிறு, 500 கோடி வரை நடுத்தர நிறுவனம். முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு. பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு, வேலையை வாங்கிக்கொண்டவர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி கட்ட வேண்டும். 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ சட்டம் சொல்வது இது. புது முயற்சிக்குப் பணம் தேடி அலையும் முன்பு, பழைய கிளையன்ட்களிடம் நிலுவையில் இருக்கும் பில்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பல ஆபீஸ்களில் புது புராடக்ட்டுக்கான காசு அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

முதலாளிக்கு ஒரு வார்த்தை... ஊழியருக்கும்!

கம்பெனி நடத்துபவர்களுக்கு: எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். அதில் எவ்வளவு வரை புது முயற்சிக்குப் போகலாம் என்று ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டை உங்கள் குழுவுக்கும் காட்டுங்கள். கணக்கு தெரிந்தவர்கள், 'சார், இது போதும், நிறுத்திடலாம்' என்று தாங்களே சொல்வார்கள். முயற்சி நின்றுபோனால், அதைச் செய்தவரை அப்ரைசலில் தண்டிக்காதீர்கள். ஒருவரைத் தண்டித்தால், அடுத்த ஐடியாவோடு யாரும் உங்கள் கேபின் பக்கமே வர மாட்டார்கள்.

வேலை பார்ப்பவர்களுக்கு: ஐடியாவை வாயால் சொல்லிவிட்டு 'யாரும் கேட்கலை' என்று வருத்தப்படாதீர்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். யாருக்கு இது தேவை, எத்தனை வாரம் வேண்டும், என்ன நடந்தால் நிறுத்திவிடலாம். கடைசி வரியைச் சேர்த்து எழுதுபவரை முதலாளி சீக்கிரம் நம்புவார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பிடும்போது, 'எங்க ஆபீஸ்ல புதுசா ஒண்ணு பண்றோம்' என்று அவர் ஆரம்பித்தால், சந்தோஷமாகக் கேளுங்கள். முடித்ததும் இன்னொரு தோசை வைத்துவிட்டு, மெதுவாக ஒன்றே ஒன்று கேளுங்கள்.

"நல்லா இருக்குப்பா. சரியா வரலைன்னா, எந்தத் தேதியில நிறுத்துவீங்க?"

பதில் உடனே வந்தால், நிம்மதியாகத் தூங்கலாம். 'அதெல்லாம் இன்னும் யோசிக்கலை' என்று வந்தால், அவரை நாளைக்கு அந்தக் கேள்வியை ஆபீஸுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.